மறுப்பவர் உண்டா?

நடுத்திட்டு, கிழக்குத் தெரு
22.1.2025

அன்புத் தங்கை செவ்வந்திக்கு,

அக்கா பூவிழி எழுதுவது. நானும் உன் மாமா மாரியும் உடலால் நலம். நீயும் உன் கணவரும் நலமென்றே எண்ணுகிறேன். வந்து கேட்க வழியில்லை, எண்ணிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

என் வாசலில் நின்றால் உன் வீட்டுக் கொடியில் காயும் புடவையின் நிறம் தெரிகிறது. நடுவே இருப்பவை ஏழே வீடுகள். ஆயினும் இம்மடல் படகேறிப் பழவேற்காடு போய், அங்கிருந்து பொன்னேரி போய், முத்திரை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி உன் கைக்கு வரும். பழவேற்காட்டிலிருந்து அஞ்சல் கொண்டுவரும் ஜெஸ்ஸி உறையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா இது, கல்லு வுட்டா வுழற தூரத்துக்கு ஸ்டாம்பா?"

"பேசக் கூடாதுனுதாமே ஊர்ல சொல்லிக்கீறாங்க. எழுதக் கூடாதுனு சொல்லலியே."

"அத்த சொல்லு!" என்று பையில் போட்டுக்கொண்டாள். கைப்பேசிகளை வாரந்தோறும் வாங்கிச் சோதிக்கும் ஊர்த்தலைவருக்கு அஞ்சற்பை நினைவில் வரவில்லை.

பொங்கலுக்குப் பிந்திய கூட்டத்தை நீ மற்றப் பெண்களோடு வேலிக்கு அப்பால் நின்று கேட்டாய். ஆயினும் என் வாயாலும் கேள். ஏரியில் மீன் திரளும் இடத்தைப் பாடு என்கிறோம். எந்தப் பாட்டில் எவர் வலை கட்டுவது என்பதைக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்து முடிவு செய்வது நம் ஊர் வழக்கம். வசதி படைத்தவன் யார், வலை கிழிந்தவன் யார் என்று குடத்துக்குத் தெரியாது. பச்சைமுத்து ஓராண்டுக்கென்று தலைவரானார். "முகத்துவாரம் தூந்துபோச்சு, பக்கத்து ஊர்க்காரன் நம்ப பாட்டப் புடுங்க வரான், இந்த நேரத்துல தலைவர மாத்துவீங்களா?" என்று சொல்லிச் சொல்லியே மூன்றாண்டைக் கடந்துவிட்டார். குடம் இப்போது அவர் வீட்டுப் பரணில். பாட்டை அவரே பங்கிடுகிறார். கைகட்டி நிற்பவருக்கு ஆழம், நிமிர்ந்து நிற்பவருக்குச் சேறு.

உன் மாமா கேட்டது ஒரே கேள்வி: "தலைவரே, இந்த வருசம் சீட்டு எப்போ?" விடை வரவில்லை; தண்டனை வந்தது. எங்களை ஊர் விலக்குகிறது, எங்களோடு பேசுவோரும் விலக்கப்பட்டவரே என்று முடிவு படிக்கப்பட்டது. "மறுப்பவர் உண்டா?" என்று மும்முறை கேட்டார்கள். மும்முறையும் அமைதி. அவ்வமைதியே ஒப்புதல் ஆயிற்று. மூன்றாண்டாக எல்லா முடிவுகளும் இப்படித்தான் நிறைவேறுகின்றன. ஒலிபெருக்கியில் கேட்ட குரல் உன் கணவர் பிரதாப்புடையது. அவரைக் குறை சொல்லமாட்டேன், இப்போதைக்கு.

ஆனி முடியுமுன் தலைவர் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லையேல் மனையைவிட்டு வெளியேற வேண்டுமாம். நான் விழமாட்டேன், செவ்வந்தி. நைனா நம் இருவரையும் மேடையேற்றித் தூய தமிழில் முழங்கப் பழக்கியது ஒருவன் காலடியில் முனகுவதற்கன்று.

உன் இருமல் நின்றதா என்று எழுது.

உன் அக்கா,
பூவிழி


நடுத்திட்டு, மேற்குத் தெரு
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வந்தி எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனி குறைந்திருக்கிறது. இறால் வரத்து நன்று என்கிறார்கள்.

நீ கேட்காத செய்தியையும் எழுதுகிறேன். குழாயடியில் இருசம்மாள் உன்னைப் பார்த்து, "குடத்த நவுத்து" என்றாளாம். காவலுக்கு நின்ற வினோத் ஓடிப்போய்த் தலைவரிடம் சொல்லிவிட்டான். கைம்பெண், தனியாள், நண்டு விற்றுப் பிழைப்பவள் என்று சிலர் பரிந்து பேச நினைத்தார்கள், நினைத்ததோடு நின்றுவிட்டார்கள். "ரெண்டு வார்த்தையும் பேச்சுதான்" என்று தலைவர் தீர்ப்பளித்தார். அவளும் விலக்கப்பட்டாள்.

அக்கா, இரண்டு சொல்லுக்கே இதுவென்றால் உனக்கு என்ன வரும்? விழுந்து எழுவதற்கு ஒரு நொடி போதும். மனை போனால் மீண்டும் கிடைக்குமா? நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியவில்லை. உன் முருங்கை பூத்திருப்பது இங்கிருந்து தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
செவ்வந்தி


நடுத்திட்டு, கிழக்குத் தெரு
24.2.2025

என் செவ்வந்திக்கு,

முழங்கால் வலி இருக்கிறது; முதுகெலும்பு நேராக இருக்கிறது. அதுவே நலம்.

இருசம்மாளுக்காக வருந்தாதே. நேற்றுவரை நாங்கள் ஒரு வீடு. இன்று எங்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்திருக்கிறது. விலக்கப்பட்ட அன்று மாலையே மூட்டைபோல் வந்து என் வாசலில் அமர்ந்தாள். "ஏமே பூவிழி, ஊரே வாய மூடிக்கினு கீது. வாயத் தொறந்து பேசறதுக்குத் தோதா ஒரே எடம் உன் வூடுதான். ஒரு டீ போடு" என்றாள். அன்றைக்கு எங்கள் தெருவில் எழுந்த சிரிப்பு உன் காதில் விழுந்திருக்கும்.

ஒருவன் எப்படி ஊரை ஆள்கிறான் என்று இங்கே தள்ளி நின்று பார்க்கும்போதுதான் விளங்குகிறது. அவனுக்குப் பத்துக் கைகள் இல்லை. வினோத்தின் கண்ணைத் தன் கண்ணாக்கிக்கொள்கிறான். பாட்டுக்கு ஏங்குபவனின் பசியைத் தன் கயிறாக்கிக்கொள்கிறான். பக்கத்து ஊரைப் பகையாக்கி நம் வீட்டுக் கதவுக்குத் தாழ் போடுகிறான். ஒவ்வொருவனும் தான் ஒருவனே மனத்துக்குள் மறுப்பதாக எண்ணி வாய் மூடுகிறான். நாடாளும் கொடியவர்க்கும் நடுத்திட்டை ஆள்பவர்க்கும் பரப்பில்தான் வேறுபாடு, கருவி ஒன்றே. நம் அமைதிதான் அக்கருவி. அதைப் பிடுங்கினால் அவர் வெறும் பச்சைமுத்து. வெயிலில் தலைக்குத் துண்டு தேடும் மனிதர்.

ஒன்று கேட்கிறேன். உன் மடலில் பனி இருக்கிறது, இறால் இருக்கிறது, என் முருங்கை இருக்கிறது. உன் கணவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஏன்?

விடையை எதிர்பார்த்து,
அக்கா


நடுத்திட்டு, கிழக்குத் தெரு
10.4.2025

செவ்வந்திக்கு,

இங்கே யாவரும் நலம். கேள்வி கேட்டது தவறென்றால் அக்கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்கேனும் எழுது. ஜெஸ்ஸி ஒவ்வொரு முறையும் வெறுங்கையை விரித்துக் காட்டுகிறாள். "உன் தங்கச்சி வூட்டுப் பக்கம் போறப்ப மெதுவாத்தான் போறேன், கூப்புடவே மாட்டேன்றா" என்கிறாள். கொடியில் உன் நீலப் புடவையைக் காணும் நாளெல்லாம் நீ நலமென்று கொள்கிறேன்.

ஊர்ப்பாடுகளில் வலை கட்ட எங்களுக்குத் தடை அல்லவா? மாமா முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமற்ற மேட்டுநீரில் கழி ஊன்றித் தட்டைப்படகு தள்ளுகிறார். மடவை மீன் கிடைக்கிறது. சத்யா குடும்பத்தையும் விலக்கிவிட்டார்களாமே? எங்கள் படகுக்கு வழி விட்டதற்காக! தெரு நிறைகிறது, தங்கையே.

அக்கா


நடுத்திட்டு, மேற்குத் தெரு
3.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்குப் பொறுத்துக்கொள். நான் நலம். வெயில் கடுமை, மாமாவைத் தலையில் துணி கட்டிக்கொண்டு போகச் சொல்.

உன் மடல்களை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். மாசியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் அரிசி எடுக்கப்போய் அவற்றைப் பார்த்துவிட்டார். நின்றவாறே அத்தனையையும் படித்தார். நான் அடுப்பருகே நடுங்கிக்கொண்டிருந்தேன். மடித்தார், இருந்த இடத்திலேயே வைத்தார், வெளியே போய்விட்டார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லுவாரோ, தலைவரிடம் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி எழுதாமலே இருந்தேன். போன வாரம் அவர் பொன்னேரி போய் வந்தார். மறுநாள் அரிசி டின்னை நகர்த்தினேன். உன் மடல்களின் மேல் ஒரு கட்டுப் புதிய அஞ்சல் உறைகள் இருந்தன.

நீ கேட்டதற்கு விடை இதுதான், அக்கா. அவர் வீட்டில் பேசுவதே இல்லை. உங்களை விலக்கிய அன்றிலிருந்து இப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் சொம்பைக் காட்டுகிறார். வெளியே ஊர் முழுதும் அவர் குரல். வீட்டுக்குள் என் குரல் மட்டும். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பனியையும் இறாலையும் எழுதினேன்.

வைகாசியில் வெற்றி விழா. முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது தலைவரின் பெருவெற்றியாம். மாலை சூட்டிய பெரிய விசைப்படகில், சாய்வு நாற்காலியில், முகத்துவாரம்வரை அவர் போவார். மற்றப் படகுகள் கூப்பிடு தொலைவு பின்னே வரவேண்டும். எவரும் முந்தக் கூடாது. அடுத்த படகில் இவர் ஒலிவாங்கியோடு அமர்ந்து, தலைவர் அமர்ந்தால் அமர்ந்தார் என்றும் எழுந்தால் எழுந்தார் என்றும் விடாமல் சொல்லவேண்டும். கரையெங்கும் ஒலிபெருக்கி. நான் வரவேற்பு வளைவின் கீழ்ப் பூத்தட்டோடு நிற்கவேண்டுமாம்.

செவ்வந்தி


நடுத்திட்டு, கிழக்குத் தெரு
18.5.2025

என் கண்ணான தங்கைக்கு,

உன் மடலை இருசம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். உறைக்கட்டு வந்த இடத்தில், "ஐயே, அந்த மனுசன் வாய்தான் வாடகைக்குப் போச்சு, மனசு வூட்டுலதான் கீது" என்றாள். நானும் அதையே சொல்கிறேன். உன் நடுக்கத்தை ஏழு வீட்டுக்கு அப்பால் இருந்தும் அறியாதிருந்தேனே!

விழாவைப் பற்றி ஒரு வேடிக்கை. முகத்துவாரம் ஆழமாகவில்லை. வாயை ஆழமாக்க வெட்டிய மணல் திரும்பவும் சரிந்து மேடு தட்டிவிட்டது. அங்கேதான் மாமா நாள்தோறும் கழி ஊன்றுகிறார். நீர் முழங்காலளவே நிற்கிறது. விசைப்படகு அங்கே போகாது. இதை வினோத்தும் அறிவான், படகோட்டும் எவனும் அறிவான். ஆழமென்று தலைவர் அறிவித்த பின் ஆழமில்லையென்று அவரிடம் சொல்ல எவனுக்குத் துணிவு? மாமா சொல்லலாமென்றால் சட்டம் தடுக்கிறது. "சொன்னா, கேட்டவரும் நம்ப தெருவுக்கு வந்துடுவாரே!" என்று சிரிக்கிறார்.

உண்மை சொல்வோர் யாவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியவர் உள்ளே பொய்யோடு தனியே இருக்கிறார். வெயில் ஏறட்டும், பார்ப்போம்.

அக்கா


நடுத்திட்டு, கிழக்குத் தெரு
2.6.2025

வெற்றிச் செய்தி சொல்லும் மடல் இது, செவ்வந்தி! நலம் கேட்கவும் பொறுமையில்லை.

வளைவின் கீழ்ப் பூத்தட்டோடு நின்ற நீ நேற்றைய விழாவைக் காதால் கேட்டாய். கிழக்குக் கரையில் நின்ற நானும் இருசம்மாளும் கண்ணால் கண்டோம். கண்டதைக் கேள்.

விசைப்படகு முகத்துவாரத்துக்கு முன்னாலேயே மேடு தட்டிக் குந்திவிட்டது. எந்திரம் உறுமிற்று, சேறு கொதித்தது, படகு அசையவில்லை. ஓதம் வடியத் தொடங்கியது. பின்னால் ஊர்ப்படகுகள் அத்தனையும் கூப்பிடு தொலைவில் வரிசையாக நின்றன. ஒருவனும் நெருங்கவில்லை; படகுக்குப் படகு வாய்ச்சண்டை மட்டும்.

"போயி இழுங்கடா!"

"முந்தக் கூடாதுனு ஆடர்!"

"ஆடர் போட்டவரே மாட்டிக்கினாரேடா!"

"அவரு வாயால வான்னு சொல்லட்டும், போலாம்."

அவர் வாயாலும் சொன்னார்; தொண்டை கிழியக் கத்தினார். ஒலிபெருக்கியில் அவர் புகழ்பாடும் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை. தம் புகழே தம் குரலை விழுங்கக் கண்ட தலைவர் இவரன்றி எவர்? நாற்காலியின் மேலேறி இரு கைகளையும் வீசினார். "தலைவர் எழுந்து நிற்கிறார்! தலைவர் நமக்குக் கையசைக்கிறார்!" என்றது பிரதாப்பின் குரல். கரை முழுதும் கைதட்டல். அவர் இன்னும் வெறியோடு கையை வீச, கைதட்டலும் இன்னும் ஓங்கியது. படகு ஒருபக்கம் சாய்ந்தது, நாற்காலி நீரில் விழுந்தது, மாலை போயிற்று.

அருகில் இருந்தது ஒரே படகு. உன் மாமாவின் தட்டைப்படகு.

"மாரி! டேய் மாரி! கயிறு போடுடா!"

பாட்டு நின்றுவிட்டிருந்தது. பிரதாப்பின் பழகிய வாய் பழகியபடியே சொல்லிற்று: "தலைவர் மாரியை அழைக்கிறார். கயிறு போடு என்று தலைவர் பேசுகிறார்." கரையில் கைதட்டல் பாதியில் நின்றது. காற்று மட்டும் ஒலிபெருக்கியில் இரைந்தது. பின் அதே குரல், ஒவ்வொரு சொல்லாக: "மீண்டும் சொல்கிறேன். விலக்கப்பட்ட மாரியோடு, தலைவர், பேசுகிறார்."

இருசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெடித்தாள். "குடத்த நவுத்துனு நான் சொன்னதும் ரெண்டு வார்த்ததான், கயிறு போடுனு அவரு சொன்னதும் ரெண்டு வார்த்ததான்! எங்க, அளந்து பாருங்கடா!"

முதலில் சிரித்தவன் யாரென்று தெரியவில்லை. படகு வரிசையில் எங்கோ ஒரு செருமல். பிறகு ஏரி முழுதும் சிரிப்பு. மூன்றாண்டு அடக்கிவைத்த சிரிப்பு, தங்கையே! தண்டம் விதிக்கலாம், மனையைப் பறிக்கலாம். சிரிப்பை எந்தத் தலைவன் திரும்பப் பெற்றிருக்கிறான்?

உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? விரலை உதட்டில் வைத்தார். தான் விலக்கப்பட்டவன், பேசலாகாது என்று சட்டத்தை அவருக்கே நினைவூட்டினார். பிறகு கயிற்றை வீசினார். நீரில் அகப்பட்டவனைக் கரை சேர்ப்பது ஏரிக்காரன் கடமை. ஒரு சொல்லும் பேசாமல் இழுத்துக் கரையில் விட்டார்.

நாளை கூட்டமாம்; அதனால் இம்மடலை முத்திரைக்கு அனுப்பாமல் ஜெஸ்ஸி கையிலேயே உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு வேலியருகே நிற்கவும் உரிமையில்லை. நீ வேலியருகே நின்று ஒன்றுவிடாமல் பார்த்து எழுது.

அக்கா


அனுப்பம்பட்டு
5.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறோம், நலம். உண்மையிலேயே தொலைவிலிருந்து நான் எழுதும் முதல் மடல் இது. நீ கேட்டபடி ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

தலைவர் வழக்கமான இருக்கையில் வந்து அமர்ந்தார். பேச்சை அவரே தொடங்கினார். "முந்தாநேத்து நான் சொன்னது பேச்சு இல்ல. அது உத்தரவு. உத்தரவு பேச்சுல சேராது."

ஒலிவாங்கி என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. "குடத்த நவுத்துன்றதும் உத்தரவுதாங்களே, தலைவரே" என்றார் இவர்.

தலைவர் முகம் கறுத்தது. "டேய் வினோத், இன்னாடா இவன் பேசறான்? சொல்லுடா!" வினோத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "இப்ப உங்களாண்ட பேசலாமா கூடாதான்னு தெரியலியே" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

இவர் எழுந்து நின்றார். "விலக்கப்பட்டவரோடு பேசியவரும் விலக்கப்பட்டவரே என்பது இவ்வூர் முடிவு. தலைவர் பேசினார், ஊரே கேட்டது. எனவே தலைவர் விலக்கப்படுகிறார். மறுப்பவர் உண்டா?"

அமைதி.

"மறுப்பவர் உண்டா?"

வேலியோரம் நின்ற நாங்கள் கம்பைப் பற்றி எட்டிப் பார்த்தோம். தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆழமான பாட்டைக் கொடுத்த முகங்களைப் பார்த்தார். காவலுக்கு நிறுத்திய முகங்களைப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவர் மனைவி காந்தா எங்களோடு நின்றிருந்தாள், அவளும் அசையவில்லை.

"மறுப்பவர் உண்டா?"

அமைதி. எதைக் கொண்டு மூன்றாண்டு ஆண்டாரோ அதே அமைதி, அக்கா. அவரே எழுதிவைத்த பொருளில், அவரே கேட்கக் கற்றுக்கொடுத்த சொற்களில். அவர் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நடந்து போனார். வழிவிட மட்டும் கூட்டம் விலகியது.

அன்றைக்கே இவர் ஒலிவாங்கியைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு என் கொரலு இல்லாம ஊரு பேசட்டும்" என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்து வந்தார்.

பேருந்தில் கேட்டேன்: "அன்னிக்குப் படகுல தப்பாச் சொல்லிட்டியா, வேணும்னே சொன்னியா?"

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தார். "மொத தபா பழக்கத்துல வந்துச்சு. ரெண்டாவது தபா நானே சொன்னேன்." ஐந்து மாதத்துக்குப் பின் அவர் என்னோடு பேசிய பேச்சு அது. அனுப்பம்பட்டு வரும்வரை நிறுத்தவே இல்லை.

தங்கை,
செவ்வந்தி


நடுத்திட்டு
13.6.2025

அன்புத் தங்கைக்கும் தம்பி பிரதாப்புக்கும்,

இனிக் கைப்பேசியில் பேசத் தடையில்லை. ஆயினும் மடலில் தொடங்கியதை மடலில் முடிப்பதே முறை. யாவரும் நலம், ஊரும் நலம்.

கூட்டம் முடிந்த மறுநாள் நான் முதலில் போனது பச்சைமுத்து வாசலுக்கு. காந்தா கதவைப் பாதி திறந்து திகைத்து நின்றாள். உள்ளே அவர் தனியாக அமர்ந்திருந்தார். தெருவே கேட்கும்படி, "இன்னா மாமா, சாப்டியா?" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சொன்னார்: "இன்னும் இல்லமா." அவ்வளவுதான்! விலக்கப்பட்டவரோடு நான் பேசினேன். என்னோடு இருசம்மாள் பேசினாள். அவளோடு ஊர் பேசியது. இனி நடுத்திட்டில் எவரும் எவரையும் விலக்க முடியாது. விலக்குவதற்கு ஒருவர் மிச்சமில்லை. அவரை வீழ்த்தியது வெற்றிதான். அவர் கையிலிருந்த வாளை உடைத்தேனே, அது அதனினும் பெரிது. பரணிலிருந்த குடத்தைக் காந்தாவே இறக்கிக் கொடுத்தாள்.

நேற்று சீட்டு. ஒலிபெருக்கி இல்லை. வேலியைப் பிடுங்கிவிட்டதால் பெண்களும் உள்ளே அமர்ந்தோம். குடத்தை நடுவில் வைத்தார்கள். வினோத்துக்குப் பழக்கம் விடவில்லை; எழுந்து, "மறுப்பவர் உண்டா?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பழைய அமைதி மெல்லத் தலைதூக்கியது.

"எனக்குக் கீது!"

இருசம்மாள். நண்டுக் கூடையோடு எழுந்து நிற்கிறாள்.

"புருசன் செத்துட்டா எங்க வூட்டுக்குச் சீட்டு இல்லன்றீங்களே, எந்த ஊரு நாயம் இது? ஏரி இன்னா ஆம்பளைக்கு மட்டும் மீனு காட்டுதா? என் பேர எழுதிப் போடுங்க, அப்புறம் குடத்தத் தொடுங்க!"

பிறகு எழுந்த இரைச்சலை எப்படி எழுதுவேன்! ஒருவன் கூடாதென்றான், அவன் மனைவி அவனை உட்காரச் சொன்னாள்; சத்யா ஆமென்றாள், அவள் மாமியார் அதனினும் உரக்க ஆமென்றாள்; உன் மாமா இரு பக்கமும் பேசி இரு பக்கமும் திட்டு வாங்கினார். வெயில் உச்சிக்கு வந்தும் ஓயவில்லை. செவ்வந்தி, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சச்சரவைப் போல இனிய ஓசையை நான் கேட்டதில்லை.

கடைசியில் இருசம்மாள் பெயரும் குடத்துக்குள் விழுந்தது. எங்களுக்கு வந்தது நடுத்தர ஆழம்; அவளுக்கு ஊரிலேயே ஆழமான முதற்பாடு. வலை இல்லை என்கிறாள். வினோத் இரவல் கொடுத்திருக்கிறான்.

உன் வீட்டுக் கொடி வெறுமையாக இருக்கிறது. வாருங்கள். பிரதாப் தம்பிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம்: அடுத்த கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகையில், ஒருவர்பின் ஒருவராகப் பேசவைக்க ஓர் ஆள் வேண்டும்.

கதவைத் திறந்துவைத்து,
உன் அக்கா
பூவிழி